பிரசவ ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர்களுக்கு: பில்லில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்

வணக்கம்.

எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இது அந்த ஒரு ஆஸ்பத்திரியின் கதையாகிவிடும், மற்றவர்கள் ‘நம்மைச் சொல்லவில்லை’ என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். கொங்குப் பக்கம் ஒரு நடுத்தர ஊர், கீழே பார்மசி, மேலே லேபர் வார்டு, வாசலில் ஒரு பிள்ளையார். உங்கள் ஆஸ்பத்திரியாகக்கூட இருக்கலாம்.

என் மகள் சிசேரியனில் பிறந்தாள். அதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை, டாக்டர் தங்கமான மனுஷி, தையல்கூட நன்றாக ஆறியது. டிஸ்சார்ஜ் அன்று என் வீட்டுக்காரர் கொண்டுவந்த பில் மூன்று பக்கம். இன்னும் வைத்திருக்கிறேன். கையுறை இத்தனை ஜோடி, பஞ்சு இத்தனை, தியேட்டர் வாடகை, மயக்க மருந்து டாக்டருக்கு, குழந்தை டாக்டருக்கு, ‘பேபி கேர்’ என்று நாளொன்றுக்கு ஒரு தொகை. கடைசிப் பக்கத்தில், பார்மசி கணக்கில், பால் பவுடர் 1. ஐந்து நாள் அங்கே இருந்தேன். குழந்தைக்குப் பால் கொடுக்கக் கற்றுக்கொடுத்ததற்கு என்று ஒரு வரி இல்லை. நியாயம்தான், கற்றுக்கொடுக்கவில்லை, காசும் வாங்கவில்லை.

அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இலவசமாகக் கேட்கவில்லை. கையுறைக்குக் கொடுத்த மாதிரி இதற்கும் கொடுக்கிறோம்.

கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது என்று உங்களில் பாதிப் பேர் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாடு கன்றுக்குக் கொடுக்கவில்லையா, அம்மா நமக்குக் கொடுக்கவில்லையா. என் அம்மா எனக்கும் தம்பிக்கும் இரண்டிரண்டு வருடம் கொடுத்தவர். ஆனால் எப்படி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. “வாயில வெச்சா குடிக்கப் போகுது” என்பதற்கு மேல் அவரிடம் வார்த்தை இல்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் எப்படி விழாமல் ஓட்டுகிறாய் என்று கேட்பது போல. அவர் காலத்தில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, திண்ணையில் அக்காவும் சித்தியும் பக்கத்து வீட்டு மருமகளும் கொடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர். நான் கையில் தூக்கிய முதல் பச்சைக்குழந்தை என் மகள்தான். அதற்கு முன் ஒரு பெண் பால் கொடுப்பதை இரண்டடி தூரத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. முந்தானை மூடியிருக்கும், நாமும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

காலை ஒன்பதே முக்காலுக்குப் பிறந்தாள். முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன், நான் முழு நினைவோடு இருந்தேன், அழுகைச் சத்தம் கேட்டது, முகத்தை ஒரு தடவை காட்டினார்கள். அப்புறம் கொண்டுபோய்விட்டார்கள். வார்மரில் இருக்கிறாள், அப்சர்வேஷன், வழக்கமானதுதான் என்றார்கள். என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அதற்குள் வெளியே என் அம்மாயி சர்க்கரைத் தண்ணியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டதாகப் பின்னால் தெரிந்தது. சேனை வைப்பதாம். அம்மாயியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார், தெரிந்தவர்கள் யாரும் அங்கே நின்று வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் போட வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லி வர வேண்டிய விஷயமில்லை. முதுகில் ஊசி போட்ட சிசேரியனுக்கும் இது பொருந்தும். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால், தையல் போட்டு ரிக்கவரிக்குக் கொண்டுவந்ததுமே செய்யலாம், ஒரு ஆள் பக்கத்தில் நின்று குழந்தையைப் பிடித்துக்கொண்டால் போதும். அந்த ஒரு ஆள்தான் இல்லை.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21இல் தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். நாட்டிலேயே நாம் முன்வரிசை, பெருமைதான். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 60. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் வேறெதுவும் இல்லாமல் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 55 அளவில். வீட்டில் பெற்று, மருத்துவச்சி சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடச் சொன்ன காலமாக இருந்தால் ஊர்ப் பழக்கம் என்று சொல்லிவிடலாம். இப்போது எல்லாக் குழந்தையும் உங்கள் கண் முன்னால்தானே பிறக்கிறது? அதே கணக்கெடுப்பில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 60 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். அதாவது உங்கள் வார்டில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தானாக எழுந்து உட்கார முடியாதவர்கள், ஒரு கையில் டிரிப்ஸ், வயிற்றில் தையல். அவர்களிடம்தான் குழந்தையைக் கொடுத்து “ஃபீட் பண்ணுங்கம்மா” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போகிறார்.

சிஸ்டரையும் குறை சொல்ல மாட்டேன். நைட்டில் அந்த மாடி முழுக்க இரண்டே பேர், அதில் ஒரு பெண் படிப்பை முடித்துவிட்டு வந்து நாலு மாதம்கூட ஆகாதவள், அவளுக்கே இருபத்தியொரு வயது இருக்கும். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணி. மகள் நிறுத்தாமல் அழுகிறாள். கட்டில் உயரம், உட்கார்ந்தால் என் கால் தரையில் எட்டவில்லை, தொங்குகிறது, தொங்கினால் தையல் இழுக்கிறது, இழுக்கிறதே என்று முன்னால் குனிகிறேன், குனிந்தால் குழந்தையின் வாயில் காம்பு நிற்கவில்லை. அந்தப் பெண் வந்தாள், ஒரு கையால் என் மார்பைப் பிடித்து அழுத்தினாள், மறு கையால் குழந்தையின் பின்னந்தலையைப் பிடித்துத் திணித்தாள். மகள் முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள். “உங்களுக்குக் காம்பு சின்னதுக்கா, பாலும் இன்னும் வரல” என்றாள். பத்து நிமிஷத்தில் ஆயா பாலாடையில் முப்பது மில்லி பவுடர் பாலோடு வந்துவிட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. என்னவருக்குக் கீழே போய் டின் வாங்கிவரச் சீட்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். குடித்தாள், தூங்கினாள். “பாத்தியா, பசிதான்” என்றார் அத்தை. அந்த ஒரு வார்த்தை எனக்குப் பன்னிரண்டு நாள் வலித்தது.

அன்று யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். முதல் நாள் குழந்தையின் வயிறு கொள்வது ஒரு வாய்க்கு ஒரு டீஸ்பூன், சீம்பால் சுரப்பதும் அந்த அளவுதான். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் இருக்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த பிறகு உடம்பில் ஹார்மோன் மாறி, பால் இறங்க இரண்டிலிருந்து நாலு நாள் ஆகும், சிசேரியனில் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். இரண்டாம் ராத்திரி பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் மார்பை விடாமல் அழும், அடிக்கடி சப்பிச் சப்பித்தான் பாலை வரவழைக்கும். மார்பு என்பது தொட்டி நிறைந்து திறந்துவிடும் சமாச்சாரமில்லை, எடுக்க எடுக்கத்தான் ஊறும், மணற்கேணி மாதிரி. ராத்திரியில் எடுத்தால் இன்னும் அதிகம் ஊறும். அந்த நேரத்தில் முப்பது மில்லியைப் புகட்டினால் குழந்தை மூன்று நாலு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்கும், அந்த நாலு மணி நேரம் மார்பில் எடுக்க ஆளில்லை. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகுமா?

டின்னைப் பற்றி ஒன்று. 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த டின்னில் குழந்தை படமோ தாய் படமோ போடக் கூடாது, ‘தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது’ என்ற அறிவிப்பு இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் அதற்கு விளம்பரம் கூடாது, கம்பெனிக்காரர் உங்களுக்கோ உங்கள் ஊழியருக்கோ சன்மானம் தரக் கூடாது. என் டின்னிலும் படம் இல்லை, அறிவிப்பு இருந்தது, எல்லாம் சட்டப்படி. ராத்திரி இரண்டு மணிக்குச் சீட்டு எழுதி அனுப்பினால் விளம்பரம் எதற்கு?

பவுடர் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எடை குறைந்து பிறந்தவை, சர்க்கரை இறங்கியவை, தாய்க்கு உடம்பு முடியாதவை, என்ன செய்தும் பால் போதாமல் போனவை, இவர்களுக்கெல்லாம் வேண்டியிருக்கும். கொடுக்கட்டும். தாய்ப்பால் கொடுக்க வேண்டாமென்று முடிவெடுக்கும் தாயும் இருக்கலாம், அது அவள் பாடு. தேவை என்று டாக்டர் பார்த்து எழுதுவது வேறு, அழுகையை நிறுத்த ஆயா கொண்டுவருவது வேறு. உங்கள் சுவரில் தொங்கும் போஸ்டரைப் பார்த்து அழுதவள் நான். தலை கலையாத ஒரு அம்மா, கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக் குழந்தை, கீழே ‘தாய்ப்பால் அமுதம்’. ஆகஸ்ட் முதல் வாரத்தில் உலகத் தாய்ப்பால் வாரம் கொண்டாடி ரங்கோலி போட்டுப் பரிசு கொடுத்த போட்டோவும் பக்கத்தில். அமுதம் என்பதை யார் மறுத்தார்கள்? அதை எப்படிக் கொடுப்பது என்று அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் சொல்ல நேரமில்லை.

வீட்டுக்கு வந்தோம். பத்தியச் சாப்பாடு, பூண்டு, பால்சுறாப் புட்டு, வெந்தயக் களி, எல்லாம் நடந்தது. வந்து பார்த்தவர்கள் ஒருத்தர்கூட “நல்லா இருக்கியா” என்று கேட்கவில்லை, “பால் இருக்கா” என்றுதான் கேட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது, குளிர்காய்ச்சல். காம்பு இரண்டும் வெடித்து, அவள் கக்கிய பாலில் ரத்தம் பார்த்து வீடே அலறியது (அது என் ரத்தம்தான், அவளுக்கு ஒன்றுமில்லை என்று அப்புறம் தெரிந்தது). ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண், “பத்தாவது நாள் ரிவ்யூ இருக்குல்ல, அப்ப டாக்டர்கிட்ட கேளுங்க” என்றார்.

ஏழாம் நாள் காலையில் வந்தது கிராம சுகாதார நர்ஸ். எங்கள் ஊருக்கு இருபது வருஷமாக வருகிறவர், எல்லோருக்கும் நர்ஸம்மா. ஸ்கூட்டியில், முன்னால் தடுப்பூசிப் பெட்டி, தோளில் தொங்கல் தராசு. தனியாரில் பெற்றவளைத் தேடி அவர் வந்ததே எனக்குக் கூச்சமாக இருந்தது. முதலில் மகளை எடை போட்டார். பிறந்தபோது 2.9 கிலோ, அன்றைக்கு 2.62. “முதல் வாரம் குறையும், பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, இது வரப்புல நிக்குது” என்றார். எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள் என்று கேட்டார். நாலு என்றேன். “ஆறு தடவையாவது போகணும்.” அப்புறம் என்னை எதுவும் கேட்கவில்லை. “குடு பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சும்மா பார்த்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஏழு நாளில் நான் பால் கொடுப்பதை யாரும் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“மணைக்கட்டை இருக்கா?” என்று அம்மாவிடம் கேட்டார். சமையல்கட்டிலிருந்து வந்த மணையை என் காலுக்குக் கீழே போட்டார். முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒன்று. அவ்வளவுதான், தோள் தானாக இறங்கிவிட்டது.

“நீ குனிஞ்சு போகாத கண்ணு. பாப்பாவ உங்கிட்டக் கொண்டு வா.”

மகளை முழுக்க என் பக்கம் திருப்பினார், அவள் வயிறும் என் வயிறும் ஒட்டும்படி. தலையைப் பிடிக்கவே விடவில்லை, கழுத்துக்குக் கீழே தோள்பட்டையில் என் உள்ளங்கை. காம்பால் அவள் மேலுதட்டை லேசாகத் தொடச் சொன்னார். அவள் வாயைத் திறந்ததும் நான் அவசரப்பட்டேன், “இரு, கொட்டாவி விடற மாதிரி தொறக்கட்டும்” என்றார். காத்திருந்தோம். பெரிதாகத் திறந்தாள். “இப்ப” என்றார், அந்த ஒரு நொடியில் அவளைச் சேர்த்து இழுத்தேன். முகவாய் மார்பில் புதைந்தது, கீழுதடு வெளியே மடிந்தது, மூக்கு மட்டும் காற்றுக்கு வெளியே. வலிக்கவில்லை. ஏழு நாளில் முதல் தடவையாக வலிக்கவில்லை. “காம்பு சின்னதுன்னு சொன்னாங்க” என்றேன். “சின்னதா இருந்தா என்ன, பாப்பா குடிக்கிறது காம்புல இல்ல, அதச் சுத்தி இருக்கற கருவட்டத்துல” என்றார். காதோரம் தாடை அசைவதைக் காட்டினார். நாலு இழுப்புக்கு ஒரு முறை ‘க்க்’ என்று விழுங்கும் சத்தம், கேட்டுக் கேட்டு நான் அழுதுவிட்டேன். அத்தை கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, போய் எனக்கு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்தார்.

வாயை எடுத்ததும் காம்பைப் பார்க்கச் சொன்னார். இதற்கு முன் கொழுக்கட்டை ஓரத்தைக் கிள்ளியது போல நசுங்கி வரும், அன்று உருண்டையாக வந்தது. நசுங்கி வந்தால் பிடிப்பு சரியில்லை, கடைவாயில் சுண்டுவிரலை விட்டு எடுத்துவிட்டுத் திரும்ப வை, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்காதே என்றார். கட்டிக்கொண்ட பக்கத்தை வெந்நீர்த் துணி வைத்துக் கையால் பீய்ச்சி, அதையே பாலாடையில் புகட்டச் சொன்னார். தாய்ப்பால் வாசனை தெரிந்த வாய்க்கு பாட்டில் ரப்பரைக் காட்டாதே என்றார். காய்ச்சல் மறுநாளும் விடாவிட்டால் டாக்டரிடம் போ என்றார். இரண்டு நாள் விட்டுத் திரும்ப வந்தார். பதினாறாம் நாள் 2.9. டின் பாதிகூட ஆகவில்லை, அப்படியே கெட்டுப்போனது.

மொத்தம் முக்கால் மணி நேரம், ஒரு மணைக்கட்டை. இதற்குத்தான் டாக்டர், நான் பில் கேட்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இலேயே, தாய்ப்பால் கொடுக்க ஆஸ்பத்திரிகள் எப்படி உதவ வேண்டும் என்று பத்துப் படிகள் எழுதிவைத்து, 2018இல் திருத்தியும் கொடுத்திருக்கின்றன. 2016இல் நம் மத்திய அரசு ‘மா’ என்று ஒரு திட்டமே இதற்காகத் தொடங்கியது. 2015இல் நம் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை வந்தது, பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கியும் இருக்கிறது. புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு ஆளைப் போடுங்கள். ஊசி போடுவது, டிரிப்ஸ் மாற்றுவது, சார்ட் எழுதுவது எதுவும் அவருக்குக் கூடாது, கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பால் கொடுப்பதைப் பார்த்துத் திருத்துவது மட்டும்தான் வேலை. பகலில் மட்டும் ஒருத்தர் இருந்தால் போதாது, ராத்திரிக்கும் ஒருத்தர் கட்டாயம், அழுகையெல்லாம் ராத்திரியில்தான். நர்ஸிங் படித்தவராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பயிற்சி கொடுத்தால் கற்றுக்கொள்வார், பொறுமை மட்டும் பயிற்சியில் வராது, அதைப் பார்த்து எடுங்கள். கட்டிலுக்குக் கீழே கால் வைக்க ஒரு முக்காலி. பவுடர் கொடுக்குமுன் தாயிடம் ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள் நீங்களாக ஒரு போன், ‘ஒன்றுக்கு எத்தனை தடவை போகிறாள், வலிக்கிறதா’ என்று இரண்டே கேள்வி. பத்தாவது நாள் ரிவ்யூவுக்குள் பலர் பாட்டிலுக்குப் போய்விடுகிறார்கள், உங்களிடம் வரும்போது “பால் பத்தல டாக்டர்” என்று முடிவோடுதான் வருகிறார்கள்.

செலவு ஆகும். பில்லில் போடுங்கள். ‘பாலூட்டல் உதவி’ என்று எழுதி இவ்வளவு என்று போடுங்கள், எந்த அப்பாவும் அந்த வரியைப் பார்த்துச் சண்டைக்கு வர மாட்டார்.

எங்கள் வீதியில் என் சித்தி மகளுக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி சொல்லியிருக்கிறார்கள், உங்களில் ஒருவரிடம்தான். ராத்திரித் துணைக்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அட்டெண்டர் ஒருத்தருக்குத்தான் அனுமதி என்று கேட்டில் தடுக்க வேண்டாம், அவள் அம்மா வெளியே இருப்பார். மணைக்கட்டையை நான் வீட்டிலிருந்தே எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
பதினான்கு மாதக் குழந்தையின் தாய்